பத்தொன்பது முறை எழுத்துக் கற்றவள்

அவளுக்கு எழுத்துக் கற்பித்ததாகக் கையொப்பமிட்டவர்கள் பத்தொன்பது பேர். பத்தொன்பதாவது கையொப்பம் என்னுடையது. அந்த அறிக்கைகள் அனைத்தின் நகலும் என்னிடம் தேதி வரிசையில் இருக்கின்றன. ஒவ்வொன்றும், எழுதியவர் வந்த நாளில் இந்தப் பெண் ஓர் எழுத்தும் அறியாதவளாக இருந்தாள் என்று தொடங்கி, இப்போது முதல் புத்தகத்தைத் தடையின்றி வாசிக்கிறாள் என்று முடிகிறது. எழுதியவர்கள் யாரும் பொய்யர்கள் அல்லர். கண்டதைத்தான் எழுதினோம். ஆனாலும் அந்தப் பத்தொன்பது தாள்களில் ஒன்றிலும் உண்மை இல்லை.

அவளுடைய வாழ்க்கையைப் பற்றி இருக்கும் முதல் ஆவணம், அவள் அநாதை இல்லத்தில் சேர்க்கப்பட்ட நாளில் நிரப்பப்பட்ட படிவம். “பெண். வயது எட்டு இருக்கலாம். தாய் இறப்பு. தந்தை விவரம் இல்லை. பிறப்புப் பதிவு இல்லை. ஒப்படைத்தவர்: தாய்மாமன்.” அதற்குக் கீழே ஒரு பெருவிரல் ரேகை. பிறந்த தேதி கேட்ட கட்டத்தில், வேறு வழியின்றி, சேர்ந்த தேதியையே எழுதியிருந்தார்கள். அதனால் அவள் பிறந்த நாளும் அநாதையான நாளும் ஒன்றாயின. பதினாறு வயது முடிந்த பிள்ளைகளை வைத்திருக்க இல்லத்துக்கு அனுமதி கிடையாது. எந்த நாளில் உள்ளே வந்தாளோ அதே நாளில், எட்டு ஆண்டு கழித்து, அவள் வெளியேற வேண்டும் என்பது அன்றே தீர்மானமாகிவிட்டது.

நம் மொழி பேசுவோர் மூன்று தலைமுறையாகப் பிழைக்கப் போன ஒரு வெளிநாட்டில் இருந்தது அது. ஒரு கிறிஸ்தவச் சங்கம் நடத்திய இல்லம். தகரக் கூரை போட்ட நீளக் கட்டடத்தில் இரண்டு படுக்கைக் கூடங்கள், ஒரு சாப்பாட்டுக் கூடம், ஓரத்தில் சமையலறை. முப்பத்தொரு பிள்ளைகள். பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளைகளை அரசுப் பள்ளி சேர்த்துக்கொள்வதில்லை என்பதால் படிப்பும் அங்கேயே நடந்தது. காலைச் சாப்பாடு முடிந்ததும் மேசைகளைத் துடைத்துச் சுவரோரம் தள்ளினால் அதுதான் வகுப்பறை. கரும்பலகைக்குப் பின்பக்கம் அடுப்பு. பதினோரு மணிக்கு மேல் பலகை வியர்க்கும்; சுண்ணக்கட்டி பிடிக்காது. அதற்குள் பாடத்தை முடித்துவிட வேண்டும்.

நான் அங்கே போனபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மருத்துவமனை ஆவண அறையில் இருபத்தேழு ஆண்டு வேலை பார்த்து விருப்ப ஓய்வு பெற்றிருந்தேன். பள்ளிப் படிப்பைத் தபால் வழியாக முடித்தவள். பட்டம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக என் பதவி உயர்வு மூன்று முறை மறுக்கப்பட்டது. ‘ஆசிரியர்’ என்று என்னை ஒரு தாளில் எழுதிய முதல் அமைப்பு அந்தச் சங்கம்தான். எனக்கு முன் வந்த தன்னார்வலர்கள் பன்னிரண்டு வாரத்துக்கு வந்தார்கள். நான் ஆறு மாதத்துக்கு விண்ணப்பித்தேன்.

முதல் நாள் வகுப்பில் மற்றப் பிள்ளைகளைவிட ஒரு முழம் உயரமாக அவள் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் அவளைப் பெரியக்கா என்றார்கள். இல்லத்தார் பெரியவ என்றார்கள். பென்சிலை உலக்கை பிடிப்பதுபோல் முழுக்கையால் பிடித்திருந்தாள்.

“அப்படிப் பிடிக்கக் கூடாதும்மா. இங்க பாரு, மூணு விரல்.”

“மூணு விரல்ல பிடிச்சா கீழ விழுந்துடுதே டீச்சர்.”

பக்கத்தில் இருந்த சின்னவள் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாவம், வயதுக்கு வந்த பெண்ணைக் கேலி செய்கிறாளே என்று அந்தச் சின்னவளை அதட்டினேன்.

எழுத்தைத் திருப்பிப் போடுவாள். கால் போட மறப்பாள். மூன்றாவது வாரத்தில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். ஆறாவது வாரத்தில் ஒரு சொல்லில் தடுக்கி, தானே திருத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டாள். பத்தாவது வாரத்தில் ஒரு பக்கத்தை நிற்காமல் வாசித்தாள். நான் சமையலறைப் பக்கம் போய், ஆவி அடிக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன்.

பன்னிரண்டாவது வாரம் அறிக்கை எழுத வேண்டிய கட்டம். எனக்கு முன் வந்தவர்கள் அரைப்பக்கம் எழுதினார்கள். நான் நாலு பக்கம் எழுதினேன். தேதிவாரியாக, எந்த நாளில் எந்த எழுத்து, எத்தனை பிழை என்று அட்டவணை போட்டேன். “முதல் நாளில் பென்சில் பிடிக்கவும் அறியாதவர். தம் பெயரை எழுத இயலாதவர்” என்று முதல் வரி. ஒரு படி சங்கத்துக்கு, ஒரு படி இல்லத்துக்கு, ஒரு படி எனக்கு.

பதினான்காவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நான்கு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு இருமல். துணி மடிக்கும் அறையில் அதை மடியில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் விடுதி அம்மா உட்கார்ந்திருந்தார். சாவிக்கொத்து இடுப்பில், கண்ணாடி எங்கேயோ. பெரியவ புது மருந்துப் பெட்டியிலிருந்த தாளை விரித்து வைத்திருந்தாள். நான் கதவருகில் வந்தது இருவருக்கும் தெரியாது.

“‘ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மருத்துவரின் ஆலோசனையின்றிக் கொடுத்தல் கூடாது. கல்லீரல், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள்…’ அம்மா, இது இவனுக்கு வேணாம். பழைய மருந்தே இன்னும் ரெண்டு வேளைக்கு இருக்கு. அதுல அரை மூடி போதும்.”

“காலாவதி ஆகலையே?”

“பார்த்துட்டேன். இன்னும் நாலு மாசம் இருக்கு.”

எறும்பு ஊர்வதுபோன்ற பொடி எழுத்து. அதைத் தண்ணீர் குடிப்பதுபோல் வாசித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் தாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

“போச்சு” என்றாள். “மாட்டிக்கிட்டோம்மா.”

விடுதி அம்மா பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். “என்ன டீச்சர், பேயப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க? உள்ள வாங்க. உக்காருங்க.”

அன்று அவர் சொன்னதை அன்றே எழுதி வைத்தேன். இல்லத்துக்கு முதலில் வந்த டீச்சர் இரண்டு ஆண்டு இருந்தார். பிள்ளைகள் எல்லாருக்கும் நன்றாகவே எழுத்துக் கற்பித்தார். அவர் ஊருக்குப் போன பிறகு மூன்று மாதத்துக்கென்று ஒருவர் வந்தார். பிள்ளைகள் தாங்களாகவே வாசிப்பதை மூன்றாம் நாள் கண்டார். ‘இங்கே எனக்கு வேலை இல்லை, தேவை உள்ள இடத்துக்கு அனுப்புங்கள்’ என்று சங்கத்துக்கு எழுதிவிட்டுப் போய்விட்டார். அதன்பின் பதினான்கு மாதம் யாரும் வரவில்லை. ஆள் வராத இடத்துக்குப் போர்வையும் மருந்தும் புத்தகமும் வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் இரண்டு பிள்ளைகளுக்குச் சளி கட்டி மருத்துவமனையில் கிடந்தார்கள்.

“அழுத பிள்ளதான் பால் குடிக்கும் டீச்சர்” என்றார் விடுதி அம்மா. “எங்க பிள்ளைங்க அழாம இருந்துச்சு. அதான் தப்பாப் போச்சு. அடுத்து ஒருத்தர் வந்தப்ப நான்தான் சொன்னேன், தெரியாத மாதிரி இருங்கடான்னு. அவங்களுக்கும் மனசு நிறைஞ்சு போச்சு. போனவங்க நாலு பேருகிட்ட சொன்னாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?”

“ஆனா இவ படிப்பு?”

“இவ யார் சொல்லியும் படிக்கல, யார் சொல்லியும் நிறுத்தவுமில்ல. பொட்டலம் கட்டுன பேப்பரக்கூட விட மாட்டா. வேதாகமத்த ரெண்டு தடவ முடிச்சுட்டா. வம்ச வரலாறு வருமே, எல்லாரும் தாண்டிப் போவாங்க, அதக்கூட விடல.”

நான் அவளைப் பார்த்தேன். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். இதுக்கெல்லாம் கணக்கு இருக்கு. மொத வாரம் எழுத்தத் திருப்பிப் போடணும். மூணாவது வாரம் விரல் வச்சு. ஆறாவது வாரம் ஒரு தப்பு, அப்புறம் நாக்கக் கடிச்சுக்கணும். பத்தாவது வாரம் கடகடன்னு. சின்னதுங்களுக்கு நான்தான் ஒத்திகை பார்ப்பேன். நீங்க ஆறு மாசம் இருப்பீங்கன்னு யாரும் எங்களுக்குச் சொல்லல. பத்தாவது வாரத்தோட சரக்கு தீர்ந்துபோச்சு. அப்புறம் என்ன பண்றதுன்னே தெரியல.”

“நான் அழுதத பார்த்தியா?”

“எல்லாரும் அழுவாங்க டீச்சர். நீங்க கொஞ்சம் கம்மிதான்.”

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. ஐம்பத்திரண்டு வயதில் முதன்முறையாக ஆசிரியை ஆனேன். அதுவும் பிள்ளைகள் போட்ட நாடகத்தில். இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் துவைத்த விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தவள், ஒரு விரிப்பின் மறுபக்கத்திலிருந்து பேசினாள். முகம் தெரியவில்லை.

“டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? நெசமா எனக்குப் பாடம் எடுப்பீங்களா? எட்டாவது வரைக்கும்.”

“எதுக்கு?”

“நர்ஸ் உதவியாளர் டிரெயினிங். அங்க ஹாஸ்டல் இருக்கு. எனக்குப் பதினாறு முடியப் போகுது. அங்க கிடைக்கலைன்னா மாமா வந்து கூட்டிட்டுப் போயிடுவார்.”

“மாமா நல்லவர்தானே?”

“நல்லவர்தான். அத்தையும் நல்லவங்கதான். அவங்க ரெண்டு பேரும் மீன் ஷெட்ல வேலை. ஐஸ்ல கை வச்சு வச்சு அத்தைக்கு விரல் மடங்காது. எனக்கும் அங்கதான் சொல்லி வச்சிருக்காங்க. அங்க போன யாரும் திரும்பிப் படிக்க வந்ததில்ல டீச்சர். நான் பார்த்ததில்ல.”

அன்று மாலையே தொடங்கினோம். ஏழு வாரம். ஆறாம் தரம், ஏழாம் தரம், எட்டாம் தரம் என்று கணக்கும் அறிவியலும். ஒரு நாள் நான் போட்ட விழுக்காட்டுக் கணக்கைப் பார்த்துவிட்டு, “டீச்சர், கோவிச்சுக்க மாட்டீங்கன்னா சொல்றேன், புள்ளி ஒரு இடம் தள்ளியிருக்கு. இந்த அளவுல மருந்து கொடுத்தா ஆள் போயிடும்” என்றாள். தள்ளித்தான் இருந்தது. அந்த ஏழு வாரத்தில் எனக்கு மகிழ்ச்சி இருந்ததா என்று கேட்டால், இருந்தது. பின்னால் நடந்தவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது அதை நினைக்கவே கூச்சமாக இருக்கிறது.

பயிற்சிப் பள்ளியின் விதிகள் அச்சிட்ட தாளில் ஏழாவது விதி இது: பிறப்புப் பதிவும் பள்ளிச் சான்றும் இல்லாதோர், தாம் வளர்ந்த நிறுவனத்தின் மூன்று ஆண்டுப் படிப்பு ஆவணங்களால் எட்டாம் தரக் கல்வியை மெய்ப்பிக்கலாம். நுழைவுத் தேர்வு கிடையாது. ஆவணம் மட்டுமே. இதைப் படித்ததும் இல்லத்தின் பொறுப்பாளரான போதகரிடம் ஓடினேன். அவர் ஏற்கெனவே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டிருந்தார்.

“என்ன வச்சு அனுப்பினீங்க, ஐயா?”

“மூணு வருஷ ரிப்போர்ட் எல்லாத்தையும் வச்சேன் டீச்சர். உங்களோடதத்தான் மேல வச்சேன். அவ்வளவு விவரமா இதுவரைக்கும் யாரும் எழுதினதில்ல.”

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. விதியை முழுவதும் படிக்காமல், நன்றாக இருந்த தாளை மேலே வைத்தார். பழைய அறிக்கைகளைக் காட்டச் சொன்னேன். அலுவலக அலமாரியில் கயிறு கட்டி வைத்திருந்த பதினெட்டையும் அன்று வாசித்தேன், நகல் எடுத்துக்கொண்டேன். பதினெட்டும் ஒரே அறிக்கை. அவள் நான்கு ஆண்டாக முதல் புத்தகத்திலேயே இருந்தாள், ஆவணப்படி.

“ஒரு திருத்தக் கடிதம் எழுதித் தரேன். நீங்களும் கையெழுத்துப் போடுங்க, ஐயா. பிள்ளைங்களுக்கு முன்னாடியே தெரியும்னு.”

போதகர் அறிக்கைகளை மறுபடி கயிற்றால் கட்டினார். “பதினெட்டுப் பேர நாங்க ஏமாத்தினோம்னு நானே எழுதித் தரணும், இல்லையா? நாளைக்கு இது சங்கத்துக்குப் போகும். அப்புறம் இந்த வாசல்ல யாரு வந்து நிப்பாங்க டீச்சர்? ஒருத்திக்காக முப்பது பேர எப்படி விடறது? நீங்களே சொல்லுங்க.”

நான் மட்டும் கையொப்பமிட்டுத் திருத்தக் கடிதம் எழுதினேன். நேரில் போய்ப் பேசிக்கொள்ளுங்கள் என்று போதகர் அனுமதி தந்தார்.

இருபத்திரண்டாவது வாரம், வியாழக்கிழமை காலை. பயிற்சிப் பள்ளியின் பதிவாளர் அறை. மேசைமேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் நாட்காட்டி. பதிவாளர் என் வயதுள்ள பெண்மணி, அமைதியானவர். என் அறிக்கையையும் திருத்தக் கடிதத்தையும் அருகருகே வைத்தார். பெரியவ, இரவல் வாங்கிய செருப்பில், என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாங்க.”

“இதுவும்?”

“ஆமாங்க.”

“பத்து வாரத்துக்கு முன்னாடி, பென்சில் பிடிக்கத் தெரியாம இருந்தவ இப்பதான் முதல் புத்தகம் படிக்கிறான்னு அட்டவணையோட எழுதியிருக்கீங்க. இப்ப எட்டாவது முடிச்சவங்கறீங்க. நான் இருபது வருஷமா இந்த நாற்காலில இருக்கேன் டீச்சர். ஒரே ஆள் ரெண்டு விதமா எழுதினா, எந்தக் கையெழுத்த நான் நம்பணும்?”

“முதல்ல எழுதினது எனக்குத் தெரியாம எழுதினது.”

“அப்ப தெரியாததுக்குக் கையெழுத்துப் போடுவீங்களா? பொய்க் கையெழுத்துன்னு ஒரு குறிப்பு எழுதி உங்க சங்கத்துக்கே நான் அனுப்ப வேண்டி வரும். அதுவும் விதில இருக்கு.”

“அனுப்புங்க. ஆனா இவள ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்க. இப்பவே. உங்க முன்னாடியே.”

அது விதியில் இல்லை. எனினும் அந்தப் பெண்மணி யோசித்தார். இழுப்பறையிலிருந்து பயிற்சி மாணவியருக்கான கையேடு ஒன்றை எடுத்தார். “நல்லா வாசிச்சான்னா தலைமையம்மாகிட்ட நானே பேசறேன்” என்றார். இது என் காதால் கேட்டது. அவர் பொய் சொல்லும் ஆள் அல்லர் என்பதை அந்த முகத்தில் கண்டேன். புத்தகத்தை அவளிடம் நீட்டி, சிரித்து, “பயப்படாதம்மா, வாசி” என்றார்.

பெரியவ முன்னால் வந்தாள். கையேட்டை மேசைமேல் வைத்தாள். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, முதல் எழுத்தின் கீழே ஆட்காட்டி விரலை வைத்தாள்.

“நோ… யா… நோயா… ளி… நோயாளி… யின்…”

“ஒழுங்கா வாசி” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

“நோயாளியின்… உட… உடல்… வெப்… பம்…”

அந்த வரி முடிய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் ஒரு சொல்லில் தடுக்கி, தானே திருத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதிவாளர் மெதுவாகப் புத்தகத்தை வாங்கி மூடினார்.

“நல்லா முன்னேறியிருக்க கண்ணு” என்றார் அவளிடம். என்னிடம், “உங்க முதல் ரிப்போர்ட் சரியாத்தான் இருக்கு டீச்சர். பிள்ளைமேல இருக்கற ஆசையில ரெண்டாவதா ஒண்ணு எழுதிட்டீங்க. அத நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. குறிப்பு எதுவும் அனுப்பல” என்றார்.

பேருந்து நிறுத்தத்தில் சிமெண்ட் பெஞ்சின் இரு ஓரங்களில் உட்கார்ந்தோம். வந்த இரண்டு பேருந்துகளையும் போக விட்டேன்.

“ஏன்டி?” என்று கேட்டேன். அவளை ‘டி’ போட்டு அழைத்தது அதுதான் முதல் முறை.

“அந்தம்மா உங்க கையெழுத்தப் பொய்ன்னு எழுதி அனுப்பிடுவாங்க டீச்சர்.”

“அதனால?”

“நீங்கதான சொன்னீங்க, உங்களுக்கு டீச்சர்னு மொதல்ல எழுதிக் கொடுத்தது சங்கம்தான்னு. அதையும் பிடுங்கிட்டா என்ன பண்ணுவீங்க? அதான், உங்க ரிப்போர்ட்ல எவ்வளவு இருந்துச்சோ அவ்வளவு வாசிச்சேன்.” செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். “வழக்கம்தானே. கஷ்டமா இல்ல.”

திரும்பிப் போய் அந்தக் கதவைத் தட்டுவோம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். வர மறுத்தாள். “இப்பப் போய்க் கடகடன்னு வாசிச்சா, மனப்பாடம்னு சொல்லுவாங்க. அப்பவும் நீங்கதான் பொய்” என்றாள். அவள் சொன்னது சரி. பத்தொன்பது பேரை நம்ப வைத்தவளுக்கு, ஒருவர் எப்போது நம்பமாட்டார் என்பதும் தெரிந்திருந்தது.

அவளைக் கேட்காமல் அன்று மாலையே சங்கத்துக்கு எழுதினேன். பத்தொன்பது அறிக்கைகளின் நகலையும் இணைத்து, நடந்ததை எண்ணிட்ட பத்திகளில் வைத்து, அவளை நேரில் சோதித்து ஒரு சான்று வழங்குமாறு வேண்டினேன். பதில் ஒன்பதாம் நாள் வந்தது. அதில் அவளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. “தங்கள் உடல்நலத்தைக் கருத்தில் கொண்டு தங்கள் சேவைக் காலம் இத்துடன் நிறைவு செய்யப்படுகிறது. தங்கள் அர்ப்பணிப்புக்கு நன்றி.” எனக்கு உடல்நலக் குறைவு எதுவும் இல்லை. அந்நாட்டு மருத்துவரிடம் சோதித்து அதற்கும் சான்று வாங்கினேன். யாரும் கேட்கவில்லை. இல்லத்துக்கு அடுத்த தன்னார்வலரை அனுப்புவது குறித்துப் பின்னர் முடிவெடுக்கப்படும் என்று போதகருக்கு வேறொரு கடிதம் போயிருந்தது. அவர் அதை என்னிடம் காட்டினார். விடுதி அம்மா எனக்குச் சோறு போட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சீங்க” என்றார், தட்டைப் பார்த்து. வாழ்நாளில் எனக்குக் கிடைத்த கண்டனங்களில் எழுத்தில் இல்லாதது அது ஒன்றுதான். மற்றவற்றுக்கெல்லாம் மறுப்பு எழுதினேன்.

அவளுக்குப் பதினாறு முடிய எட்டு நாள் இருக்கும்போது நான் ஊர் திரும்பினேன். வாசலில் பிள்ளைகள் பாடினார்கள். அவள் பாடவில்லை, முன்பு இருமலில் கிடந்த அந்தச் சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். “பத்திரமா போங்க டீச்சர். மாத்திரைய மறக்காம போடுங்க” என்றாள். நான் மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. யாரிடம் எதைச் சொல்கிறோம் என்றே தெரியாத நிலையில் அவளும் இருந்தாள் என்று பிறகு எண்ணிக்கொண்டேன்.

குறித்த நாளில் தாய்மாமன் வந்து கூட்டிப்போனார் என்று விடுதி அம்மா இரண்டு வரி எழுதியிருந்தார். சேர்க்கைப் படிவத்தின் கீழ்ப்பகுதியில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற இடத்தில் மாமன் மறுபடியும் பெருவிரல் வைத்திருக்கிறார். அவருடைய தொலைபேசி எண்ணையும் விடுதி அம்மா அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு அந்த இல்லத்திலிருந்து எனக்குக் கடிதம் வரவில்லை.

இங்கே வந்தும் நான் சும்மா இருக்கவில்லை. தனித்தேர்வு எழுத அனுமதிக்கும் திட்டம் ஒன்று அந்நாட்டில் இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தேன். விண்ணப்பம் தருவித்தேன். அவள் கையெழுத்து ஒன்று மட்டுமே தேவை. அதைச் சொல்லத்தான் அழைத்தேன். முதல் முறை ஒரு குழந்தை எடுத்து வைத்துவிட்டது. இரண்டாம் முறை, வேலைக்குப் போயிருக்கா, ராத்திரிதான் வருவா என்றார் மாமன் மனைவி. மூன்றாம் முறையும் அவரே எடுத்தார். பின்னால் தண்ணீர் விழும் சத்தமும் பிள்ளை அழும் சத்தமும் கேட்டன.

“அவ ஷெட்டுக்குப் போயிருக்காங்க. இப்ப ரெண்டு ஷிப்ட் பார்க்கறா. நீங்க யாரு?”

“நான் அவளோட டீச்சர்ம்மா. அந்த இல்லத்துல இருந்தவ. அவ பரீட்சை எழுதறதுக்கு ஒரு வழி இருக்கு. ஒரே ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டா…”

“பரீட்சையா?” அவர் சிரித்தார். அதில் வஞ்சனை இல்லை. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த பெண்ணின் சிரிப்பு. “அவளுக்கு எங்கங்க பரீட்சை? நல்ல பொண்ணு, வேலைல புலி, அதெல்லாம் குறை சொல்ல மாட்டேன். படிப்புதான் ஏறாது. இல்லத்துல கொடுத்த ஃபைலை எங்க பக்கத்து வீட்டு வாத்தியார்கிட்ட காட்டினோம். அவர் வாசிச்சுச் சொன்னார். பதினஞ்சு வயசுல பென்சிலே பிடிக்கத் தெரியலையாமே. அவளக் கேட்டோம், ஆமா மாமான்னுட்டா. யாரோ ஒரு டீச்சரம்மா நாலு பக்கம் எழுதியிருக்காங்க, தேதியெல்லாம் போட்டு.”

“அத எழுதினது நான்தாம்மா.”

தண்ணீர்ச் சத்தம் நின்றது; குழாயை மூடியிருக்க வேண்டும்.

“அப்படிங்களா?” என்றார், மரியாதையாக. “அப்பச் சரியாத்தான் எழுதியிருப்பீங்க.”